அடியும் பயமும் இல்லாமல் பிள்ளைகள் படிப்பார்களா?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் பள்ளிக்கூடப் பேச்சுதான். எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், ஃபீஸ் எவ்வளவு, வேன் வருமா, இங்கிலீஷ் நன்றாகச் சொல்லித் தருவார்களா என்று வெளிநாட்டில் இருக்கும் அத்தாவுக்கும் ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் இடையே நாள்கணக்கில் ஆலோசனை நடக்கும். கடைசியாக ஒரு கேள்வி வரும்: "கண்டிப்பான பள்ளிக்கூடம்தானே?" கண்டிப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் பிரம்பைத்தான். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று ஆசிரியரிடமும் உஸ்தாதிடமும் ஒப்படைத்துவிட்டு வருவதைப் பெருமையாக நினைக்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள்.

இத்தனை ஆலோசனையிலும் ஒருவரிடம் மட்டும் யாரும் கருத்துக் கேட்பதில்லை. அந்தப் பள்ளிக்குப் போகப்போகும் பிள்ளையிடம்.

பிள்ளையிடம் கருத்துக் கேட்டு, அடியும் பயமும் இல்லாமல், பிள்ளைகளையே பொறுப்பாளிகளாக்கி நடத்தப்படும் பள்ளிகள் உலகில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டால், "அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கும் பணக்காரனுக்கும்" என்று கடந்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சிந்தனையின் ஒரு கிளை, நம் குளத்தூர் தாலுகாவின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகள் வரை வந்து, பல ஆண்டுகள் இருந்துவிட்டு மங்கிப்போனது. அது வந்ததையும் மங்கியதையும் விளங்கிக்கொண்டால், நம் வீட்டிலும் மக்தப் மதரஸாவிலும் என்ன செய்யலாம் என்பது தெளிவாகும்.

ஓட்டுப்போடும் பிள்ளைகள்

ஏ.எஸ். நீல் என்பவர் ஸ்காட்லாந்தில் ஒரு கிராமத்து ஆசிரியரின் மகன். 1883-இல் பிறந்தவர். வகுப்பில் தோல்வாரால் அடிப்பது சாதாரணமாக இருந்த காலம் அது. அந்தப் பள்ளிகளிலேயே படித்து, அவற்றிலேயே ஆசிரியராகவும் இருந்துவிட்டு, 1921-இல் ஜெர்மனியில் தமது பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது இங்கிலாந்துக்கு இடம் மாறியது. 1927 முதல் சஃபோக் மாகாணத்தில் லெய்ஸ்டன் என்ற சிற்றூரில் நடந்துவருகிறது. அதன் பெயர் சம்மர்ஹில். நீல் 1973-இல் இறந்த பிறகும் பள்ளி நிற்கவில்லை. அவருடைய குடும்பத்தார் இன்றுவரை நடத்துகிறார்கள்.

சம்மர்ஹில்லில் இரண்டு விஷயங்கள் மற்ற பள்ளிகளில் இல்லாதவை. முதலாவது, பாட வகுப்புகள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, கால அட்டவணை உண்டு. ஆனால் வகுப்புக்குப் போவது பிள்ளையின் விருப்பம். போகவில்லை என்று யாரும் தண்டிக்க மாட்டார்கள். இரண்டாவது, பள்ளியின் அன்றாட விதிகளைப் பொதுக் கூட்டம் கூடித்தான் முடிவு செய்கிறார்கள். எத்தனை மணிக்குப் படுப்பது, சைக்கிளை எங்கே ஓட்டலாம், ஒருவன் இன்னொருவன் பொருளை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அங்கே பேசப்படும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு. தலைமை ஆசிரியருக்கும் ஒரே ஒரு ஓட்டு. பல தடவை நீலின் யோசனையே தோற்றிருக்கிறது.

இதே வழியில் 1968-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சட்பரி வேலி என்ற பள்ளி தொடங்கியது. அங்கே பாட அட்டவணைகூடக் கிடையாது. பிள்ளைகள் தாங்களே கேட்டு, ஆசிரியரோடு பேசி, பாடத்தை ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். விதியை மீறியவர் மீது புகார் வந்தால், பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்த ஒரு குழு இரு தரப்பையும் விசாரிக்கும்.

நம் நாட்டில் ரவீந்திரநாத் தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் மரத்தடியில் தொடங்கிய பள்ளியிலும் மாணவர்களின் சுயஆட்சிக்கு இடம் இருந்தது. டோக்கியோவில் கோபயாஷி நடத்திய டோமோயி பள்ளியில், அன்றைய பாடங்களில் எதை முதலில் எடுப்பது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கும். அந்தப் பள்ளியின் கதையான 'டோட்டோ-சான்' தமிழில் வந்து, நம் ஊர் ஆசிரியர்கள் பலர் படித்த நூல்.

சுதந்திரம் வேறு, அவிழ்த்துவிடுவது வேறு

இங்கேதான் பெற்றோர்கள் பயப்படுகிறார்கள். 'பிள்ளை இஷ்டத்துக்கு விட்டால் கெட்டுப்போகும்' என்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானது. நீலே இதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதும் அளவுக்கு மக்கள் அவரைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள்.

அவர் சொன்ன வேறுபாடு எளிமையானது. ஒரு பிள்ளை தன் சொந்த விஷயத்தில் தானே முடிவெடுப்பது சுதந்திரம். அடுத்தவருக்கு இடைஞ்சல் தருவது சுதந்திரம் அல்ல. கணக்கு வகுப்புக்குப் போகாமல் மரவேலை செய்வது அவன் பாடு. வகுப்பு நடக்கும் அறைக்கு வெளியே மேளம் அடிப்பது அவன் பாடு அல்ல. அது கூட்டத்துக்கு வரும், அபராதமும் கிடைக்கும். உயிருக்கு ஆபத்தான விஷயங்களும், ஆசிரியர்களை வேலைக்கு எடுப்பதும், பணக் கணக்கும் ஓட்டுக்கு விடப்படுவதில்லை. அவை பெரியவர்களின் பொறுப்பு.

எனவே சம்மர்ஹில்லில் விதியே இல்லை என்று நினைப்பது தவறு. சாதாரணப் பள்ளியைவிட அங்கே விதிகள் அதிகம். அந்த விதிகளைப் பிள்ளைகளே உட்கார்ந்து பேசி உண்டாக்கியிருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். நம் பள்ளிவாசல்களில் 'மஷூரா' என்று சொல்கிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்கப்படும். தன் கருத்து ஏற்கப்படாதவரும் முடிவுக்குக் கட்டுப்படுவார். ஏனென்றால் அவரிடமும் கேட்டார்கள். மஷூராவில் அமீர் முடிவெடுப்பார், அங்கே ஓட்டு முடிவெடுக்கும். ஆனால் கேட்கப்பட்டவன் கட்டுப்படுவான் என்ற அடிப்படை ஒன்றுதான்.

கோலாரிலிருந்து கீரனூர் வரை

டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர் இரண்டாம் உலகப் போரின்போது இந்தியா வந்து, இந்த மண்ணிலேயே தங்கிவிட்டவர். ஆந்திராவில் ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலி பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பிறகு 1972-இல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக 'நீல் பாக்' என்ற சிறிய பள்ளியைத் தொடங்கினார். அங்கே பரீட்சை இல்லை, ரேங்க் இல்லை, பரிசு இல்லை, தண்டனையும் இல்லை. வேறு வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து, அவரவர் வேகத்தில் படித்தார்கள். எழுத்தோடு மரவேலை, தையல், தோட்டவேலை எல்லாம் உண்டு. ஆசிரியர்களுக்கும் அங்கே பயிற்சி தந்தார். 1984-இல் அவர் இறந்த பிறகு நீல் பாக் நீண்ட காலம் நடக்கவில்லை. ஆனால் அங்கே பயிற்சி பெற்றவர்கள் சிலர் ரிஷி வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் சிறு பள்ளிகளைத் தொடங்கி, பாடங்களைப் படிப்படியான அட்டைகளாகப் பிரித்து, கிராமத்து ஓராசிரியர் பள்ளிக்கு ஏற்ற ஒரு முறையை உருவாக்கினார்கள்.

2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை ரிஷி வேலிக்கு அனுப்பி அந்த முறையைக் கற்றுவரச் செய்தார். முதலில் 13 பள்ளிகளில் தொடங்கியது. பிறகு மாநகராட்சியின் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் போனது. 2007-08 கல்வியாண்டில் தமிழ்நாடு முழுவதும் சுமார் 37,000 அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் 1 முதல் 4-ஆம் வகுப்பு வரை வந்துவிட்டது. அதுதான் 'செயல்வழிக் கற்றல்'.

அந்த ஆண்டுகளில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோருக்கு இது நினைவிருக்கும். பெஞ்சு எடுக்கப்பட்டுப் பாய் விரிக்கப்பட்டது. சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கட்டமாகக் கரும்பலகை வந்தது. வருகைப் பதிவைப் பிள்ளையே குறித்தது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, அதில் பிள்ளைகள் செய்த படங்களையும் எழுத்துகளையும் தொங்கவிட்டார்கள். சுவரில் 'ஏணி' என்ற படம் இருக்கும். அதில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அதற்குரிய அட்டையைப் பிள்ளையே எடுத்துவரும். சிலர் ஆசிரியரோடு உட்காருவார்கள், சிலர் தோழர்களோடு, சிலர் தனியாக. ஒரு படி முடிந்தால் அடுத்த படி.

இதில் ஏழைப் பிள்ளைக்குப் பெரிய நன்மை இருந்தது. காய்ச்சலிலோ, குடும்பத்தோடு வெளியூர் வேலைக்குப் போனதிலோ 15 நாள் பள்ளி தவறினால், பழைய முறையில் அந்த 15 நாள் பாடமும் போய்விடும். பிள்ளை பின்தங்கும், பின்தங்கியதால் அடி வாங்கும், அடிக்குப் பயந்து மறுபடி பள்ளிக்குப் போகாது. அட்டை முறையில் எந்தப் படியில் விட்டதோ அங்கிருந்தே தொடரலாம். அடிக்க வேண்டிய காரணமே அங்கு இல்லை.

உத்தரவில் வந்தது, உத்தரவில் போனது

இவ்வளவு நல்ல முறை ஏன் நிலைக்கவில்லை?

பெற்றோர் பார்த்தது வேறு. "புத்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, பாயில் உட்கார்ந்து சீட்டு வைத்து விளையாடுகிறார்கள்" என்பதுதான் பல ஊர்களில் கேட்ட பேச்சு. அட்டை எதற்கு, ஏணி எதற்கு என்று பெற்றோரை உட்காரவைத்து விளக்கியவர்கள் குறைவு. ஆசிரியர்களுக்கும் அது மேலிருந்து வந்த உத்தரவாகவே இருந்தது. மனம் ஒப்பிச் செய்தவர்களும் இருந்தார்கள், ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று அட்டையை எடுத்துப் பரப்பியவர்களும் இருந்தார்கள். மனம் ஒப்பாத பெற்றோர் கடன் வாங்கியாவது தனியார் இங்கிலீஷ் மீடியத்துக்குப் பிள்ளையை மாற்றினார்கள். 2012-இல் முப்பருவ முறை வந்தது, பிறகு புதிய பாடநூல்கள் வந்தன, அதன் பின் வேறு திட்டங்கள் வந்தன. செயல்வழிக் கற்றல் படிப்படியாக மங்கியது. அதற்காகப் பெற்றோர் தரப்பில் பெரிதாகக் குரல் எதுவும் எழவில்லை.

இதோடு இங்கிலாந்தில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 1999-இல் அரசு ஆய்வாளர்கள் சம்மர்ஹில்லுக்கு வந்து, வகுப்புக்கு வருவதைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விடுவது சரியல்ல என்று குறை சொன்னார்கள். அரசு எச்சரிக்கை அனுப்பியது. பணிந்தால் பள்ளி தன் தன்மையை இழக்கும். மறுத்தால் மூட வேண்டிவரும். பள்ளி வழக்குக்குப் போனது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் லண்டனில் தீர்ப்பாயத்தில் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே அரசுத் தரப்பு சமரசத்துக்கு வந்தது. அந்தச் சமரசத்தை ஏற்பதா வேண்டாமா? வழக்கறிஞர்கள் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பிள்ளைகள் அந்த நீதிமன்ற அறையிலேயே தங்கள் பொதுக் கூட்டத்தைக் கூட்டி, பேசி, ஓட்டெடுத்து, ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். பள்ளி பிழைத்தது.

ஒரு சிறிய பள்ளிக்கு அதன் பிள்ளைகள் நீதிமன்றம் வரை நின்றார்கள். 37,000 பள்ளிகளில் இருந்த ஒரு முறைக்காக யாரும் நிற்கவில்லை. காரணம், நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது தங்கள் வேகத்தில் படிக்கும் சுதந்திரம் மட்டுமே. முடிவெடுப்பதில் அவர்களுக்கோ பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ பங்கு கிடைக்கவில்லை. பங்கில்லாமல் வந்த சுதந்திரம் உத்தரவில் வந்தது, உத்தரவில் போனது. பள்ளியில் பிள்ளைக்கு விடுதலை வேண்டும் என்றால், அதைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடம் வேண்டும். இந்த ஒன்றைத்தான் நாம் படிக்க வேண்டும்.

நம் மரபு என்ன சொல்கிறது?

நீலின் எல்லாக் கருத்தும் நமக்கு ஏற்புடையதல்ல. மதக் கல்வியே பிள்ளைக்கு வேண்டாம் என்றவர் அவர். நாம் ஈமானையும் தொழுகையையும் ஓட்டுக்கு விட முடியாது. அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பிள்ளையின் கருத்தை மதிப்பதும், அடியால் வளர்க்காமல் இருப்பதும் மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று நினைப்பவர்கள் நம் வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஒருமுறை நபி (ஸல்) அவர்களிடம் பானம் கொண்டுவரப்பட்டது. அவர்கள் அருந்திவிட்டுப் பார்த்தபோது வலப்பக்கத்தில் ஒரு சிறுவரும் இடப்பக்கத்தில் முதியவர்களும் இருந்தார்கள். முறைப்படி அடுத்தது வலப்பக்கத்தவருக்கு. முதியவர்களுக்கு முதலில் கொடுக்கட்டுமா என்று நபியவர்கள் அந்தச் சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். தமக்குரிய பங்கை யாருக்கும் விட்டுத்தர முடியாது என்று சிறுவர் மறுத்துவிட்டார். நபியவர்கள் அதை அவர் கையிலேயே கொடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்தச் செய்தி இருக்கிறது. நம் வீட்டு விருந்தில் இப்படி நடந்திருந்தால் அந்தப் பிள்ளையின் தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும்.

'பத்து வயதில் தொழாவிட்டால் அடிக்கச் சொல்லியிருக்கிறதே' என்று சிலர் கேட்பார்கள். அந்த ஹதீஸ் தொழுகையைப் பற்றியது. ஏழு வயதில் தொடங்கி மூன்று ஆண்டுகள் பொறுமையாகச் சொல்லிப் பழக்கிய பிறகு வருவது. அதிலும் முகத்தில் படக் கூடாது, காயம் ஏற்படக் கூடாது, கோபத்தைத் தீர்த்துக்கொள்வதாக இருக்கக் கூடாது என்று அறிஞர்கள் எல்லை வகுத்திருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை யஸ்ஸர்னல் குர்ஆன் பாடத்தை மறந்ததற்காகக் கையில் தழும்பு விழும்படி அடிப்பதற்கு அதில் ஆதாரம் தேடுவது நேர்மை அல்ல. நபி (ஸல்) அவர்கள் தம் கையால் எந்தப் பணியாளரையும் அடித்ததில்லை என்பது ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வந்த செய்தி.

14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வில், மாணவர்களிடம் கடுமை காட்டுவதன் தீங்கைப் பற்றித் தனியாகவே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். கடுமையில் வளரும் பிள்ளை உற்சாகம் இழக்கும், சோம்பல் அடையும், அடிக்குப் பயந்து பொய்யும் வேஷமும் பழகும் என்பது அவர் கருத்தின் சாரம். பிரம்பு ஓங்கிய வகுப்பில் பாடம் வரும்போது வயிற்றுவலி வரும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சம்மர்ஹில் தொடங்குவதற்கு 500 ஆண்டுகளுக்கும் முன்பு எழுதப்பட்டது இது.

பெற்றோரின் சந்தேகங்கள்

'கட்டாயம் இல்லாவிட்டால் யார் படிப்பார்கள்?' என்பது முதல் சந்தேகம். இதற்கு நம் புதுக்கோட்டை மாவட்டமே பதில். 1991-இல் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. பரீட்சைப் பயமில்லை, பிரம்பில்லை, வராவிட்டால் தண்டனையில்லை. கல்குவாரியில் கல் உடைத்த பெண்களும் வயல்வேலை செய்த பெண்களும் இரவில் வந்து எழுத்துக் கற்றார்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். முஸ்லிம் பெண்களும் அதில் இருந்தார்கள். யாரும் அவர்களை அடித்து ஓட்டச் சொல்லவில்லை. எதற்காகக் கற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கற்பதற்கு அது போதுமானதாக இருந்தது.

'பத்தாம் வகுப்புப் பரீட்சை என்னாவது?' என்பது இரண்டாவது. சுதந்திரப் பள்ளியில் படித்தாலும் சான்றிதழ் தேவைதான். நம் நாட்டில் இப்படிப்பட்ட பள்ளிகளின் பிள்ளைகள் பலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் 10, 12-ஆம் வகுப்புத் தேர்வுகளை எழுதுகிறார்கள். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. தனியார் மாற்றுப் பள்ளிகள் மிகக் குறைவு. திருவண்ணாமலை, ஆரோவில், சென்னை போன்ற இடங்களில்தான் காண முடியும். குளத்தூர், கீரனூர் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தூரமும் செலவும் ஒத்துவராது. எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே இருக்கிற பள்ளியை விட்டு ஓடுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை.

'ஒழுக்கம் போய்விடாதா?' என்பது மூன்றாவது. பிரம்பு இருக்கும் வரை இருக்கும் ஒழுக்கம், பிரம்பு நகர்ந்ததும் போய்விடும். ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே போனதும் எழும் சத்தமே அதற்குச் சாட்சி. பிள்ளை தானும் சேர்ந்து உண்டாக்கிய விதி, பார்க்க ஆள் இல்லாதபோதும் நிற்கும்.

நம்மால் என்ன செய்ய முடியும்?

முதலில் வீடு. வாரம் ஒரு நாள், மஃக்ரிபுக்குப் பிறகு அரை மணி நேரம், வீட்டு மஷூரா வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அத்தா வீடியோ காலில் சேர்ந்துகொள்ளட்டும். எத்தனை மார்க் என்பதை மட்டும் கேட்கும் அழைப்பு வேண்டாம். மொபைல் எத்தனை மணி நேரம் பார்க்கலாம், யார் எந்த வீட்டு வேலை செய்வது, லீவில் எங்கே போவது என்பதைப் பிள்ளைகளோடு பேசுங்கள். ஆண்பிள்ளைக்கு ஒரு ஓட்டு என்றால் பெண்பிள்ளைக்கும் ஒரு ஓட்டு. தீர்மானித்த விதி அத்தாவுக்கும் அம்மாவுக்கும் பொருந்த வேண்டும். சாப்பிடும்போது மொபைல் இல்லை என்று முடிவெடுத்துவிட்டு நாமே எடுத்தால் பிள்ளை அதைத்தான் கற்றுக்கொள்ளும். எதை மஷூராவுக்கு விடமாட்டோம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: தொழுகை, உயிர்ப் பாதுகாப்பு, அடுத்தவர் உரிமை. மற்றவற்றில் உண்மையாகவே கேளுங்கள். முடிவை முன்பே எடுத்துவிட்டுச் சும்மா கேட்டால் பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது மக்தப் மதரஸா. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17-ஆம் பிரிவில் பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2012-இல் செய்த திருத்தத்தில் மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்கு அளிக்கப்பட்டது. நம் சமயக் கல்வியின் உரிமையைக் காக்க வந்த விலக்கு அது. அடிப்பதற்குக் கிடைத்த உரிமம் அல்ல. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைச் சிறார் நீதிச் சட்டம் தனியாகக் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் எட்டாத இடத்திலும் அல்லாஹ்வின் கேள்வி உண்டு.

மக்தபுக்கு வரும் பிள்ளைகளில் பலர் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். ட்யூஷன் நேரம் ஒரு காரணம். பிரம்பும் ஒரு காரணம். அடி வாங்கிய இடத்துக்கு, வளர்ந்த பிறகு விரும்பித் திரும்பி வருகிறவர்கள் எத்தனை பேர்? பிள்ளையின் மனத்தில் குர்ஆனுக்குப் பக்கத்தில் பிரம்பை வைத்துவிட்டு, இளைஞர்கள் பள்ளிவாசலுக்கு வருவதில்லை என்று நாம் வருந்துகிறோம்.

ஜமாஅத் நிர்வாகம் நினைத்தால் இதை மாற்றலாம். அடி இல்லை என்று தீர்மானம் போட்டு, பெற்றோருக்கும் உஸ்தாதுக்கும் எழுத்தில் கொடுக்கலாம். ஆனால் உத்தரவு மட்டும் போட்டால் அட்டை முறைக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும். 60 பிள்ளைகளை ஒரே உஸ்தாதிடம், குறைந்த சம்பளத்தில் விட்டுவிட்டு, கையில் பிரம்பு எடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்வது அநியாயம். உஸ்தாதையும் உட்காரவைத்து, அவருக்கு என்ன தேவை என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் பாடத்தில் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஏணிப் படம் ஒன்றைச் சுவரில் மாட்டலாம். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு ஓதிக்கொடுக்கட்டும். அது நம் பழைய முறைதான். வியாழக்கிழமை 20 நிமிடம் பிள்ளைகளின் கூட்டம் நடக்கட்டும். ஒரு பிள்ளை தலைமை, ஒரு பிள்ளை எழுத்தர், அடுத்த வாரம் வேறு இருவர். செருப்பை எங்கே விடுவது, ஹவுளில் தண்ணீரை வீணாக்குவதை எப்படித் தடுப்பது, சண்டை போட்டவர்கள் எப்படிச் சமாதானமாவது என்று அவர்கள் பேசட்டும். உஸ்தாதும் கை தூக்கிப் பேசட்டும்.

மூன்றாவது பள்ளிக்கூடம். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்பதும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதும் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. இது நமக்குக் கிடைத்திருக்கும் ஓட்டு. நம் சமுதாயத்துத் தாய்மார்கள் இந்தக் கூட்டங்களுக்குப் போவது மிகக் குறைவு. கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பிள்ளையை அடிக்கிறார்களா, என்ன முறையில் பாடம் நடத்துகிறீர்கள், ஏன் என்று கேளுங்கள். குறை சொல்வதற்கு முன் விளங்கிக்கொள்வதற்காகக் கேளுங்கள். 2007-இல் எல்லா ஊரிலும் பெற்றோர் இப்படிக் கேட்டிருந்தால், ஏணியும் கம்பிப் பந்தலும் இவ்வளவு எளிதாக மறைந்திருக்காது.

ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989-இல் வந்தது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்பதை அதன் 12-ஆம் பிரிவு ஒப்புக்கொள்கிறது. நமக்கு அதற்கும் மேலான முன்மாதிரி இருக்கிறது: கையில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு சிறுவரின் அனுமதிக்காகக் காத்திருந்த நபி (ஸல்) அவர்கள்.

இந்த ஆண்டு பள்ளிச் சேர்க்கைப் பேச்சு வரும்போது, விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'உனக்கு அங்கே எது பிடிக்கும், எது பயம்?' என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். முடிவு நம் கையில் இருந்தாலும், கேட்கப்பட்ட பிள்ளையாக அது பள்ளிக்குப் போகட்டும். பயமில்லாமல் கற்று, பொறுப்போடு வளரும் தலைமுறையாக நம் பிள்ளைகளை வல்ல இறைவன் ஆக்குவானாக. ஆமீன்.